புல்லட்டின் இடது காலில் அரை அங்குலம்

நான் ஓய்வு பெற்ற மறு மாதமே எங்கள் ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே மெஷின் வாங்கிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் நான் கேட்டும் வாங்காததை, நான் வாசலைத் தாண்டியதும் வாங்கினார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால் பிரஷர் ஏறுகிறது.

பார்க்கக் கூப்பிட்டார்கள், போனேன். நல்ல மெஷின்தான். நாயின் இடுப்பைப் படம் எடுத்த உடனே திரையில் அதுவே கோடு போடுகிறது. நாய் நேராகப் படுத்திருந்ததா, சாய்ந்திருந்ததா, எவ்வளவு சாய்ந்திருந்தது என்று மூலையில் எண்ணாகக் காட்டுகிறது. அதை இயக்கும் இரண்டு பெண்களும் மரியாதையாகத்தான் கேட்டார்கள்: "இது இல்லாத காலத்துல படம் சாஞ்சிருக்குன்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" கண்ணால்தான் என்றேன். சிரித்தார்கள். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதியை ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பக்கம் போதும் என்றார்கள். இரண்டு பக்கத்துக்குள் அடங்கும் தப்பை நான் செய்யவில்லை.

என் பெயர் ரூபி. எக்ஸ்ரே படிப்பு படித்தது மனிதர்களுக்காக. காட்பாடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நாலு வருஷம் இருந்தேன். மூச்சை இழுத்து நிறுத்துங்கள் என்றால் அப்போதுதான் பேச ஆரம்பிப்பார்கள். ஒரு டிரஸ்ட் நடத்தும் பிராணிகள் ஆஸ்பத்திரியில் ஆள் தேவை என்றதும் போய்ச் சேர்ந்தேன். மருமகள் நாய்க்குப் படம் எடுக்கிறாள் என்பதை என் மாமியார் கடைசிவரை சர்ச்சில் யாருக்கும் சொல்லவில்லை. லேபில் வேலை என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

எங்கள் டாக்டர் பெயர் சற்குணம். அவருக்குக் குரல் உயரவே உயராது. கோபம் வந்தால் இன்னும் தாழும். அப்போதுதான் நாங்கள் பயப்படுவோம். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நடக்காத நாயின் படத்தை அவர் பார்க்க மாட்டார். நொண்டுகிறது என்று எந்த நாய் வந்தாலும் முதலில் வாசலிலிருந்து வேப்பமரம் வரை போய்த் திரும்பி வர வேண்டும், மூன்று தடவை. அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கண்ணை நாயின் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பார். மூன்று தடவை முடிந்ததும் "இன்னொரு தடவை" என்பார். அதனால் மொத்தம் நாலு.

நாய்க்கு இடுப்பு மூட்டில் என்ன கோளாறு வருகிறது என்பதை அவர் ஒரு டென்னிஸ் பந்தையும் எவர்சில்வர் கிண்ணத்தையும் வைத்து விளக்குவார். தொடை எலும்பின் மேல்முனை பந்து. இடுப்பெலும்பில் இருப்பது கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். சில நாய்களுக்குக் கிண்ணம் ஆழமில்லாமல் தட்டு மாதிரி இருக்கும். பந்து ஆடும், உரசும், ஓரம் தேயும், வலிக்கும். லேப்ரடார், அல்சேஷன், ராட்வீலர் மாதிரி பெரிய ஜாதிகளில் இது ஜாஸ்தி. பெற்றோரிடமிருந்து வருவது. குட்டியிலேயே கொழுக்க வைத்தால் சீக்கிரம் தெரிய ஆரம்பிக்கும். படுத்த நாய் எழுந்திருக்க இரண்டு மூன்று தரம் முயலும், ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதிக்கும், மாடிப்படியைப் பார்த்தால் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை புது வீடு கட்டியவர்களும் ஷூ கம்பெனி வைத்திருப்பவர்களும் முதலில் வழவழவென்று டைல்ஸ் போடுவார்கள், அடுத்து பெரிய நாய் வாங்குவார்கள், அதற்கு அடுத்து எங்களிடம் வருவார்கள். கையில் கட்டாயம் கால்சியம் டானிக் இருக்கும். இது கால்சியம் கம்மியால் வருவதில்லை என்று டாக்டர் சொன்னால் வேறு கம்பெனி டானிக் வாங்கி வருவார்கள்.

இனி என் வேலை. நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, மரத்தில் செய்த தொட்டி போன்ற பலகையில் மல்லாக்கப் படுக்க வைப்போம். பின்னங்கால் இரண்டையும் நேராக இழுக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக நீண்டு, முழங்கால் சற்று உள்பக்கம் திரும்பி, முழங்கால் சில்லு நடுவில் நிற்க வேண்டும். இடுப்பு எந்தப் பக்கமும் சாயக் கூடாது. சாய்ந்தால் நல்ல மூட்டும் கெட்டதாகத் தெரியும், கெட்டதும் நல்லதாகத் தெரியும். சாய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் மூக்குக் கண்ணாடியின் இரண்டு வட்டம் மாதிரி இரண்டு ஓட்டைகள் தெரியும். அவை ஒரே அளவில் இருந்தால் படம் நேர். ஒன்று சின்னதாக இருந்தால் சாய்ந்திருக்கிறது.

காலைத் துணிப்பட்டையால் கட்டி இழுத்து வைத்துவிட்டு வெளியே வந்து படம் எடுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. கட்டுவதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். நான் ஈய கவுனும் ஈயக் கையுறையும் போட்டுக்கொண்டு, தொட்டியின் கால்மாட்டில் நின்று இரண்டு கையாலும் நானே இழுப்பேன். வெளியே இருக்கும் ஆயாம்மா ஸ்விட்சை அழுத்துவார். கவுனைப் போட்டாலும் உள்ளே நிற்பது தப்புதான், தெரிந்தேதான் செய்தேன். என் கைமேல் எனக்கு அவ்வளவு கர்வம். ரூபி எடுத்தால் இரண்டாம் படம் தேவையில்லை என்று பெயர் வேறு வாங்கி வைத்திருந்தேன்.

நல்ல மழை நாள் ஒன்றில் கோவிந்தராஜ் வந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் பேட்டர்ன் மாஸ்டர். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் ஜோடியை வெட்டித் தருவது அவர் வேலை. ஆட்டோவிலிருந்து அவரும் டிரைவருமாக ஒரு லேப்ரடாரைப் பிளாஸ்டிக் ஷீட்டில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பெயர் புல்லட். வயது மூன்று, எடை நாற்பத்தாறு கிலோ. முதலாளி வீட்டு நாய் போட்ட குட்டிகளில் பின்பக்கம் துவண்டிருந்த ஒன்றை யாரும் எடுக்கவில்லையாம், இவர் எடுத்துக்கொண்டார். "செகண்ட்ஸ்ல வந்தது மேடம்" என்று என்னிடம் சொன்னார். கம்பெனியில் சின்னக் குறையோடு ஒதுக்கும் ஷூவுக்கு அதுதான் பெயர்.

அவரும் மனைவி செல்வியும் குடியிருந்தது ஒரு மாடி வீட்டில், பதினெட்டுப் படி. புல்லட் படி ஏறுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலையிலும் மாலையிலும் கோவிந்தராஜ் தூக்கிக்கொண்டு இறங்கி, தூக்கிக்கொண்டு ஏறினார். அவருக்கே இடுப்பு போய், கையை முதுகில் ஊன்றிக்கொண்டுதான் நின்றார். பொங்கலுக்குள் நாய் தானாக நடக்காவிட்டால் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும் என்று செல்வி சொல்லியிருந்தாள். ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் தையல் மெஷினில் குனிந்துவிட்டு வருகிறவள். வீட்டில் இரண்டு நோயாளியை அவளால் பார்க்க முடியாது. அவள்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை.

மழை கொட்டியது. வேப்பமரத்தடி முழுக்கத் தண்ணீர். டாக்டர் வாளியைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், நேரே படம் எடு என்றார். என் இருபத்தாறு வருஷத்தில் அவர் அந்தச் சட்டத்தை மீறியது அன்று ஒரு நாள்தான்.

நான் இழுத்தேன், ஆயாம்மா ஸ்விட்சை அழுத்தினார். டார்க் ரூமில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டு போனேன். படத்தை வைத்துப் பார்க்கும் பல்புப் பெட்டி அன்று வேலை செய்யவில்லை. டாக்டர் மங்கலான ஜன்னலில் படத்தைப் பிடித்தார். இரண்டு மூட்டும் சரியில்லை, இடது ரொம்ப மோசம், பாதி வெளியே வந்துவிட்டது என்றார். மாத்திரை எழுதினார், எடையைக் குறைக்கச் சொன்னார், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். கோவிந்தராஜ் படத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

படத்தைக் கையில் வாங்கினால் ஜனங்கள் பீரோவில் வைப்பார்கள். இவர் பேட்டர்ன் மாஸ்டர். ஸ்டீல் ஸ்கேலும் டிவைடரும் வைத்து அளந்திருக்கிறார். இடது காலின் எலும்பு வலதைவிட அரை அங்குலம் மேலே நின்றது. கால் குட்டை என்று முடிவு செய்துவிட்டார். மனிதருக்குக் கால் குட்டை என்றால் கம்பெனியில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, புல்லட் நாலு காலிலும் ஷூ போட்டுக்கொண்டு வந்தது. பிரவுன் ஆட்டுத்தோல், உள்ளே மெத்து, ஒட்டிக்கொள்ளும் பட்டை, அடியில் தோல் சோல். அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் கல்யாணத்துக்குக்கூடப் போட்டதில்லை. இடது பின்னங்கால் ஷூவில் மட்டும் சோலுக்கு மேலே அரை அங்குலத்துக்குக் கார்க் கட்டை வைத்திருந்தார். நாயால் ஒரு அடி வைக்க முடியவில்லை. வழவழத்த சோல் தரையில் வழுக்கியது, உயர்த்திய கால் இடுப்பை வலப்பக்கம் தள்ளியது. தூக்கப் போனால் கடிக்க வந்தது. இதுவரை யாரையும் கடிக்காத நாய். கோவிந்தராஜ் கையில் பல் பதிந்த இடத்தில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

இந்தத் தடவை அவரே கேட்டார். "ஊசி போட்டுடுங்க சார். என்னால ஆனத பண்ணிட்டேன். தாங்கல அது." செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசி போடச் சொன்னவளுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

டாக்டர் நாயைத் தொட்டுப் பார்த்தார். வலி எந்த அளவு என்று அவருக்குத் தெரிந்தது. மேசை டிராயரிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்துப் பெயர், எடை எல்லாம் எழுத ஆரம்பித்தார். கோவிந்தராஜ் பழைய படத்தைத் திருப்பிக் கொடுத்தார். உறையில் போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும், அது என் வேலை. அன்று நல்ல வெயில். உறையில் போடுவதற்கு முன் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் ஒரு தரம் தூக்கினேன்.

இடது ஓட்டை சின்னதாக இருந்தது. கண்ணாடியின் ஒரு வட்டத்தை அமுக்கியது மாதிரி. படம் சாய்ந்திருந்தது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே.

படத்தைச் சட்டென்று கீழே இறக்கினேன். பயம் நாய்க்காக என்று எழுத ஆசைதான். முதலில் வந்த பயம் எனக்காக. பெயர் போய்விடும் என்ற பயம். உறையில் போட்டு வைத்தால் யாரும் பார்க்கப் போவதில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டு, பேனாவைக் கோவிந்தராஜிடம் நீட்டினார். அவர் பேனாவை வாங்கிவிட்டார். அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது.

"சார், படம் சாஞ்சிருக்கு. நான் எடுத்தது தப்பு" என்றேன்.

டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். தாழ்ந்த குரலில், "இது எவ்ளோ நாளா இப்படி, ரூபி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஒரு படம் தப்பு என்று ஒப்புக்கொள்ளத்தான் தைரியம் திரட்டியிருந்தேன். தெரியாது சார் என்றேன்.

கோவிந்தராஜ் பேனாவைப் பிடித்தபடியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அறையை ஒட்டிய எக்ஸ்ரே ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வெறுங்காலோடு நடப்பது என் வழக்கம். அவர் குனிந்து என் செருப்பு இரண்டையும் கையில் எடுத்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. கீழே வையுங்கள் என்றேன். வைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. வலது செருப்புல குதிகால் காலி. இடதுல குதிகால் புதுசாவே இருக்குது, முன்னாடிதான் தேய்ஞ்சிருக்கு. உங்களுக்கு இடது கால் குட்டை."

என் நாற்பத்தொன்பது வருஷத்தில் அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. ரூபி கொஞ்சம் சாய்ந்து நடப்பாள் என்று வீட்டில் சொல்வார்கள். திமிர் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அத்தனை வருஷம் அடுத்தவர் இடுப்பைப் படம் எடுத்தவள், என் இடுப்பை எடுத்ததில்லை. எனக்குச் சரியான கோபம் வந்தது. நாய் நொண்டுவதற்கு என் செருப்பு என்ன செய்யும் என்று கேட்டேன்.

டாக்டர் எழுந்து வெளியே போனார். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். "ரூபி, வேப்பமரம் வரைக்கும் போய்ட்டு வா" என்றார்.

புற நோயாளிகள் வரிசையில் ஆறு நாயும் இரண்டு ஆடும் அவற்றின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். நான் வெறுங்காலோடு வேப்பமரம் வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்று தடவை. எல்லாரும் பார்த்தார்கள். ஆடுகளும் பார்த்தன. "இன்னொரு தடவை" என்றார். போய் வந்தேன். இடுப்பைப் படம் எடுக்க வேண்டுமா சார் என்று எரிச்சலோடு கேட்டேன். வேண்டாம், செருப்பே போதும் என்றார்.

அப்புறம் என்னைத் தொட்டியின் கால்மாட்டில் நிற்கவைத்து, வெறும் கையால் இழுப்பதுபோல் இழுக்கச் சொன்னார். அப்போது எனக்கே தெரிந்தது. நான் இடப்பக்கம் சாய்கிறேன். இடது கை கூடுதலாக இழுக்கிறது. மல்லாந்து கிடக்கும் நாய்க்கு அது வலது கால். வலது கால் நீளும், இடது குட்டையாகத் தெரியும், இடுப்பு திரும்பிக்கொள்ளும். புல்லட்டின் படத்தில் கோவிந்தராஜ் அளந்த அரை அங்குலம் நாயுடையதல்ல.

சம்மதப் படிவத்தை டாக்டர் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் வைத்தார். புல்லட்டுக்கு மறுபடி மயக்க மருந்து கொடுத்தோம். இந்தத் தடவை துணிப்பட்டையால் கட்டி, முடிச்சை அவரே சரிபார்த்து, எல்லாரையும் வெளியே அனுப்பி எடுத்தேன். இரண்டு ஓட்டையும் ஒரே அளவு. இரண்டு மூட்டும் ஒரே மாதிரி சுமார். ஆழம் குறைவுதான், ஆனால் பந்து கிண்ணத்தை விட்டுப் போகவில்லை. மூன்று வாரமாக நாயைத் துடிக்க வைத்தது நோய் பாதி, நாங்கள் பாதி.

"தப்பு எங்களோடது. அன்னைக்கு மழைன்னு நடக்கவிட்டுப் பாக்கல. படமும் சாஞ்சி வந்துச்சி. கால்ல குறை இல்ல, கட்டைய எடுத்துடுங்க" என்று டாக்டர் அவர்களிடம் சொன்னார். வேறு ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். கோவிந்தராஜ் உட்கார்ந்து, மயங்கிக் கிடந்த நாயின் காலிலிருந்து ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கத்தியை எடுத்து அங்கேயே கார்க் கட்டையைப் பிரித்தார். பிரித்ததைப் பையில் போட்டுக்கொண்டார்.

குணமாகும் நோய் இல்லை இது. சமாளிக்கும் நோய். சமாளித்தவள் செல்வி. ஊசி போடச் சொன்ன அதே கண்டிப்போடு அளவு டம்ளரை எடுத்துக்கொண்டாள். வேளைக்கு ஒரு டம்ளர் தீனி, அவ்வளவுதான். தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் புல்லட்டுக்குப் பிரியாணி வரும். கொண்டு வருகிறவர்களிடம் தட்டை வாங்கி, அவர்கள் முன்னாலேயே அவள் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். "நாய் எட்டு கிலோ எறங்குச்சி, நான் நாலு கிலோ ஏறிட்டேங்க்கா" என்றாள். வீட்டு டைல்ஸ் தரையில், சோல் கம்பெனியில் மிஞ்சிய ரப்பர் ஷீட் விரித்தார்கள். கோவிந்தராஜ் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்க, இரண்டு கைப்பிடி வைத்த தோல்பட்டை ஒன்று தைத்தார். படியில் பாரம் பாதியானது.

நீந்தினால் மூட்டில் பாரம் விழாமல் தசை வலுக்கும் என்றார் டாக்டர். எங்கே நீந்துவது? பாலாற்றில் நீந்துவதென்றால் மணலில்தான் நீந்த வேண்டும். விரிஞ்சிபுரத்தில் செல்வியின் அண்ணன் நிலத்தில் பம்புசெட் தொட்டி இருந்தது. வாழைக்குப் போகும் தண்ணீரில் நாயா என்று அவர் முதலில் சண்டை போட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சோப்புக் கட்டியோடு அவரும் தொட்டிக்குள் இறங்க ஆரம்பித்தபோது சண்டை தீர்ந்தது.

பொங்கல் கழித்து வந்தார்கள். முப்பத்தெட்டு கிலோ. டாக்டர் வாளியில் உட்கார்ந்தார். புல்லட் மெதுவாக, பின்னங்காலை ஒன்று மாற்றி ஒன்று வைத்து, வேப்பமரம் வரை போயிற்று. மரத்தடியில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வந்தது. நான் எக்ஸ்ரே ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூட்டு கெட்ட நாயாகவே இன்னும் ஆறு வருஷம் அது படி ஏறி இறங்கி வாழ்ந்தது.

அன்று கோவிந்தராஜ் இரண்டு பொட்டலம் கொண்டு வந்திருந்தார். ஒன்றில், படம் எடுக்கும்போது நாயின் காலைக் கட்டி இழுக்க இரண்டு தோல்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே இடைவெளியில் பன்னிரண்டு துளை, பக்கத்தில் எண் குத்தியிருந்தது. இரண்டு காலுக்கும் ஒரே எண்ணில் மாட்ட வேண்டும், கை வேண்டாம். இன்னொன்றில் ஒரு ஜோடி செருப்பு. இடது செருப்பில் அரை அங்குலக் கார்க். புல்லட் ஷூவில் இருந்த அதே கட்டை, என் அளவுக்குச் சீவியது. வீணாப் போகக்கூடாதுன்னுதான் மேடம் என்றார். போட்டுக்கொண்டு நடந்தேன். முதுகில் இருபது வருஷமாக இருந்த வலி இரண்டு வாரத்தில் கம்மியானது.

இத்தோடு முடித்திருந்தால் இரண்டு பக்கத்தில் அடங்கியிருக்கும். டாக்டர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எவ்வளவு நாளாக?

அலமாரியிலிருந்த பழைய இடுப்புப் படங்களையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்தேன். புல்லட்டுடையது போக இன்னும் ஒன்பது படத்தில் இடது ஓட்டை சின்னது. டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். நான் எடுத்த படம் தப்பு, இலவசமாகத் திரும்ப எடுக்கிறோம், கூட்டி வாருங்கள் என்றேன். எட்டு நாய் வந்தன. இரண்டுக்கு வைத்தியத்தை மாற்ற வேண்டியிருந்தது.

ஒன்பதாவது ராணி என்ற அல்சேஷன். காட்பாடியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் வீடு. இடது மூட்டு முழுக்கப் போய்விட்டது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஊசிக்குச் சம்மதித்திருந்தார்கள். அதற்கு வேறு கோளாறும் இருந்தது, எப்படியும் தேறியிருக்காது என்றார் டாக்டர். அவர் ஆறுதலுக்குப் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் அந்த வீட்டு நம்பரை மூன்று தடவை அழுத்தி, மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நாலாவது தடவை பேசினேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, "இதை ஏன்மா இப்போ சொல்றே?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

நான் ஓய்வு பெற்றபோது பழைய படங்களை எடைக்குப் போட்டார்கள். ராணியின் படத்தை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். புது மெஷின் பார்க்கப் போன அன்று அது என் கைப்பையில்தான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அந்தப் பெண்கள் கேட்டபோது எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. மறுவாரம், இந்தக் கட்டுரைக்கு இரண்டு பக்கம் போதாது என்று சொல்லப் போனபோது காட்டினேன். ஜன்னலில் பிடித்தேன். இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி உடனே சொல்லிவிட்டாள்: "லெஃப்ட் சின்னதா இருக்குதுக்கா."

அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.